மருந்து கேட்கவில்லையா? உப்பைக் கவனியுங்கள்!

மும்பை செம்பூரில் ஒரே அறையில் தங்கியிருக்கும் இரண்டு தமிழர்கள். ஒருவர் திருநெல்வேலிக்காரர். கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. மற்றவர் விழுப்புரத்துக்காரர். பட்டறையில் வெல்டிங் வேலை. இருவருக்கும் வயது ஐம்பதை நெருங்குகிறது. இருவருக்குமே ரத்தக் கொதிப்பு. காலையில் எழுந்ததும் இருவரும் தவறாமல் மாத்திரை போடுகிறவர்கள்.

குமாஸ்தாவுக்கு மருந்து கேட்கவே இல்லை. முதலில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து இரண்டு ஆயிற்று. இப்போது மூன்று. அப்படியும் ரத்த அழுத்தம் 160-க்குக் கீழே இறங்க மறுக்கிறது. "இந்த மாத்திரையே போலியோ?" என்று அவருக்குச் சந்தேகம்.

வெல்டருக்கு நேர் எதிரான அனுபவம். மே மாத வெயிலில் பட்டறையில் வேலை. நடுவில் இரண்டு நாள் வயிற்றுப் போக்கு. உப்பில்லாத கஞ்சியைக் குடித்துக்கொண்டு, வழக்கமான மாத்திரையையும் விடாமல் போட்டார். உடம்பு வலிக்கிறது என்று மருந்துக் கடையில் கேட்டு வலி மாத்திரை ஒன்றும் வாங்கிச் சாப்பிட்டார். மூன்றாம் நாள் காலை எழுந்து நின்றார். தலை சுற்றிக் கீழே விழுந்தார். சிறுநீரும் சரியாகப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று.

இந்த இருவரும் கற்பனை மனிதர்கள்தான். ஆனால் இவர்களைப் போன்றவர்கள் மும்பை, டெல்லி, ஆமதாபாத், பெங்களூர் என்று தமிழர்கள் பிழைக்கப் போன ஊர்களில் எல்லாம் இருக்கிறார்கள். ஒருவருக்கு மருந்து கேட்கவில்லை. மற்றவருக்கு அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டது. இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே பொருள்தான்: உப்பு!

ஒன்றரைக் கிலோ உப்பு

உப்பின் வரவு செலவுக் கணக்கை எழுதும் இடம் சிறுநீரகம். நம் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அந்த நீரோடு வடிந்து இறங்கும் உப்பின் அளவு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ!

இவ்வளவையும் வெளியே விட்டால் மனிதன் ஒரு நாள் கூடத் தாங்கமாட்டான். ஆகவே வடிகட்டிய உப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் சிறுநீரகம் திரும்ப எடுத்துக்கொள்கிறது. மிச்சம் இருக்கும் சில கிராம்தான் சிறுநீரில் போகிறது. அந்தச் சில கிராமைக் கூட்டிக் குறைத்துத்தான் உடம்பு தன் கணக்கைச் சரிக்கட்டுகிறது.

உப்பு அதிகமாகத் தங்கினால் அதோடு தண்ணீரும் தங்கும். ரத்தத்தின் கொள்ளளவு கூடும். குழாயில் தண்ணீர் அதிகமானால் அழுத்தம் ஏறுவது போல ரத்த அழுத்தமும் ஏறும். உப்பு மிகவும் குறைந்துவிட்டால் அழுத்தம் இறங்கி மயக்கம் வரும்.

எவ்வளவு உப்பை நிறுத்திக்கொள்வது, எவ்வளவை வெளியே விடுவது என்று சிறுநீரகத்துக்கு யார் உத்தரவு போடுகிறார்கள்? அங்கேதான் ஹார்மோன்கள் வருகின்றன.

முயலின் சிறுநீரகம் சொன்ன ரகசியம்

1898-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் ராபர்ட் டிகர்ஸ்டெட் என்ற பேராசிரியரும், பெர் பெர்க்மன் என்ற அவருடைய மாணவரும் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டார்கள். முயலின் சிறுநீரகத்தை அரைத்துச் சாறு எடுத்து, இன்னொரு முயலின் ரத்தத்தில் செலுத்தினார்கள். அந்த முயலின் ரத்த அழுத்தம் ஏறியது. சாற்றில் இருந்த பொருளுக்கு 'ரெனின்' என்று பெயர் வைத்தார்கள்.

அதன் வேலை பின்னால் படிப்படியாக விளங்கியது. உடம்பில் உப்போ ரத்தத்தின் அளவோ குறைந்தால் சிறுநீரகம் ரெனினை வெளியே அனுப்புகிறது. ரெனின், கல்லீரல் தயாரித்து அனுப்பும் ஒரு புரதத்தை வெட்டுகிறது. வெட்டுப்பட்ட துண்டு, முக்கியமாக நுரையீரலின் ரத்தக் குழாய்களில் மேலும் மாறி, 'ஆஞ்சியோடென்சின்' என்ற வலிமை மிக்க பொருளாகிறது.

ஆஞ்சியோடென்சின் இரண்டு காரியங்களைச் செய்கிறது. ஒன்று, ரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தைத் தூக்குகிறது. மற்றொன்று, சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்டி 'ஆல்டோஸ்டிரோன்' என்ற ஹார்மோனைச் சுரக்கச் செய்கிறது. "உப்பை வெளியே விடாதே, பிடித்து வை!" என்று சிறுநீரகத்துக்கு உத்தரவு போடுவது இந்த ஆல்டோஸ்டிரோன்தான். லண்டனில் ஜேம்ஸ் டெய்ட், சில்வியா சிம்ப்சன் ஆகிய விஞ்ஞானிகள், சுவிட்சர்லாந்து ரசாயன நிபுணர்களுடன் சேர்ந்து 1953-ல் இதைப் பிரித்தெடுத்தனர்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உப்புக் குறைந்தால் இந்தப் படை முழுவதும் விழித்துக்கொள்கிறது. உப்பு அதிகமானால் அது தூங்கப் போய்விடுகிறது. மருந்தின் கதை முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே இருக்கிறது.

பாம்பு விஷத்திலிருந்து வந்த மாத்திரை

பிரேசில் நாட்டில் 'ஜராராகா' என்று ஒரு விரியன் பாம்பு உண்டு. அதன் விஷத்தில் உள்ள ஒரு பொருளைப் பற்றி செர்ஜியோ பெரைரா என்ற பிரேசில் விஞ்ஞானி 1965-ல் எழுதினார். ஆஞ்சியோடென்சின் உருவாவதை அந்தப் பொருள் தடுக்கிறது என்பது பிறகு தெரிந்தது. அதை வழிகாட்டியாக வைத்து அமெரிக்க மருந்துக் கம்பெனி ஒன்றின் விஞ்ஞானிகள் 'காப்டோபிரில்' என்ற மாத்திரையை உருவாக்கினார்கள். 1981-ல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது.

இன்று மருந்துச் சீட்டுகளில் காணப்படும் எனலாபிரில், ராமிபிரில், லிசினோபிரில் எல்லாம் அந்த வம்சம்தான். லோசார்டான், டெல்மிசார்டான், ஓல்மிசார்டான் என்று முடிபவை இன்னொரு வம்சம். முன்னவை ஆஞ்சியோடென்சின் உருவாவதைத் தடுக்கும். பின்னவை, உருவான ஆஞ்சியோடென்சினை வேலை செய்யவிடாமல் தடுக்கும்.

குமாஸ்தாவுக்கு ஏன் கேட்கவில்லை?

மதியம் மெஸ்ஸில் சாம்பார், ரசம், மோர், அப்பளம், ஊறுகாய். மாலையில் ரயிலடியில் வடாபாவ். ஊரிலிருந்து யாராவது வந்தால் மாவடு, மோர் மிளகாய், கருவாடு பார்சல். இப்படிச் சாப்பிடுகிறவரின் உடம்பில் உப்புக்குப் பஞ்சமே இல்லை. ஆகவே சிறுநீரகம் ரெனினை அனுப்புவதை ஏற்கெனவே குறைத்துவிட்டிருக்கும்.

இந்த நிலையில் டெல்மிசார்டான் மாத்திரை உள்ளே போகிறது. அது தடுக்க வேண்டிய எதிரி அங்கே குறைவாகத்தான் இருக்கிறான்! அழுத்தத்தைத் தூக்கி நிறுத்துவது ஆஞ்சியோடென்சின் அல்ல. உப்பும் அதோடு தங்கிய தண்ணீரும்தான். மாத்திரை போலி அல்ல. அதன் பலத்தில் ஒரு பங்கை ஊறுகாய்ப் பாட்டில் பறித்துக்கொண்டது.

இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழக டாக்டர்கள் 2009-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். மூன்றோ அதற்கு மேலோ மருந்து சாப்பிட்டும் ரத்த அழுத்தம் அடங்காத 12 பேரை எடுத்துக்கொண்டார்கள். மருந்தை மாற்றவில்லை. ஒரு வாரம் நாளைக்குச் சுமார் 15 கிராம் உப்பு. இன்னொரு வாரம் சுமார் 3 கிராம் உப்பு. உப்புக் குறைந்த வாரத்தில் அவர்களுடைய மேல் அழுத்தம் சராசரியாக 22 புள்ளிகளுக்கு மேல் இறங்கியிருந்தது! புதிதாக ஒரு மாத்திரை சேர்த்தாலும் இவ்வளவு இறங்குவது அபூர்வம்.

நெதர்லாந்து டாக்டர்கள் 2011-ல் வெளியிட்ட ஆராய்ச்சி சிறுநீரக நோயாளிகளைப் பற்றியது. சிறுநீரில் புரதம் ஒழுகும் 52 பேர். எல்லாரும் ஏற்கெனவே லிசினோபிரில் சாப்பிடுகிறவர்கள். அதோடு வால்சார்டான் என்ற இரண்டாவது மருந்தைச் சேர்த்தபோது புரத ஒழுக்கு 21 சதவீதம் குறைந்தது. இரண்டாவது மருந்து இல்லாமல், உப்பை மட்டும் நாளைக்குச் சுமார் 11 கிராமிலிருந்து 6 கிராமாகக் குறைத்தபோது 51 சதவீதம் குறைந்தது. கூடுதல் மருந்தைவிடக் குறைந்த உப்பு இரண்டு மடங்குக்கு மேல் வேலை செய்தது.

நீர் மாத்திரையின் கணக்கு

ரத்தக் கொதிப்புக்கும், கால் வீக்கத்துக்கும், இதயப் பலவீனத்துக்கும் கொடுக்கும் 'நீர் மாத்திரை'யின் கதையும் இதுதான். சிறுநீரகம் உப்பைத் திரும்ப எடுக்கவிடாமல் தடுத்து, அதைத் தண்ணீரோடு வெளியேற்றுவதே இதன் வேலை.

பியூரோசிமைடு போன்ற மாத்திரையின் வேகம் சுமார் ஆறு மணி நேரம். அது தணிந்ததும் சிறுநீரகம் சும்மா இருப்பதில்லை. இழந்த உப்பை மீட்பதற்காக, மிச்சமுள்ள நேரம் முழுவதும் உப்பை இறுக்கிப் பிடிக்கிறது. அந்த நேரத்தில் அப்பளமும் ஊறுகாயும் உள்ளே போனால் காலையில் செலவான உப்பு இரவுக்குள் வரவாகிவிடும். சம்பளத்தை ஒரு பக்கம் வாங்கி, மறுபக்கம் கடனுக்கு வட்டி கட்டுவது போல!

இன்னொரு தீங்கும் உண்டு. ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்ற நீர் மாத்திரை சாப்பிடுகிறவர் உப்பையும் அதிகமாகச் சாப்பிட்டால், சிறுநீரகக் குழாயின் கடைசிப் பகுதிக்கு நிறைய சோடியம் வந்து சேர்கிறது. அங்கே சோடியத்தை வாங்கிக்கொண்டு பொட்டாசியத்தை விட்டுக் கொடுக்கும் பண்டமாற்று நடக்கிறது. பொட்டாசியம் குறைந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். உடம்பு ஓய்ந்து போகும். இதயத் துடிப்பும் தாறுமாறாகலாம். பழி மாத்திரையின் மேல் விழும். உப்பைச் சந்தேகிப்பவர் சிலரே.

வெல்டர் ஏன் விழுந்தார்?

வெல்டரின் உடம்பில் நடந்தது நேர் எதிரானது. வியர்வையிலும் வயிற்றுப் போக்கிலும் உப்பும் தண்ணீரும் போயின. கஞ்சியில் உப்பு இல்லை. உடனே ரெனின் படை முழு வேகத்தில் எழுந்தது. அப்போது ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது ஆஞ்சியோடென்சின் ஒன்றுதான்.

அந்த நேரம் பார்த்து எனலாபிரில் மாத்திரை போய் அதைத் தடுத்தது. கூடவே சாப்பிட்ட நீர் மாத்திரை, இருந்த கொஞ்ச உப்பையும் வெளியேற்றியது. வலி மாத்திரை மூன்றாவது அடி. டைக்ளோபெனாக், ஐபுபுரூபன் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும். மூன்றும் சேர்ந்தபோது சிறுநீரகத்துக்குப் போதிய ரத்தம் கிடைக்கவில்லை. ஆகவேதான் மயக்கம், ஆகவேதான் சிறுநீர் குறைந்தது. நேரத்தில் சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலும் சிறுநீரகம் பிழைத்துக்கொள்ளும். தாமதித்தால் ஆபத்து.

உடம்பில் உப்பு வற்றியிருப்பவருக்கு முதல் மாத்திரையிலேயே அழுத்தம் சடாரென்று இறங்கலாம் என்பது காப்டோபிரில் வந்த காலத்திலேயே டாக்டர்களுக்குத் தெரியும். அதனால்தான் அவர்கள் இந்த மருந்துகளைக் குறைந்த அளவில் தொடங்குகிறார்கள். இதே மருந்துகள், சாதாரண நாட்களில் சிறுநீரகத்தைக் காப்பவை என்பதையும் மறக்கக் கூடாது. பயந்துபோய்த் தாமாகவே நிறுத்திவிடுவது அதைவிடக் கேடு.

1949-ல் நடந்த விபரீதம்

உப்பைத் தொட்டால் மருந்தும் மாறும் என்பதற்கு உலகம் கொடுத்த விலை ஒன்று உண்டு. 1940-களில் அமெரிக்காவில் இதய நோயாளிகளுக்கு உப்பில்லாத உணவு விதிக்கப்பட்டது. வாய்க்கு ருசி வேண்டும் என்று 'லித்தியம் குளோரைடு' கலந்த மாற்று உப்பைக் கடைகளில் விற்றார்கள். அதைத் தாராளமாகத் தூவிச் சாப்பிட்ட பலருக்குக் கை நடுக்கம், தள்ளாட்டம், மயக்கம். சிலர் இறந்தே போனார்கள். 1949-ல் அரசாங்கம் அதைச் சந்தையிலிருந்து அகற்றியது.

காரணம் என்ன? லித்தியம், சோடியத்தின் தம்பி போன்றது. சிறுநீரகம் பெரும்பாலும் இரண்டையும் ஒன்று போலவே நடத்துகிறது. உணவில் உப்புக் குறைந்து, சோடியத்தைச் சிறுநீரகம் இறுக்கிப் பிடிக்கும்போது லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. அது ரத்தத்தில் ஏறி விஷமாகிறது.

அதே 1949-ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற டாக்டர், மனநோய் ஒன்றுக்கு லித்தியம் நல்ல மருந்து என்று கண்டுபிடித்தார். இன்றும் அது பலருக்கு வாழ்வளிக்கும் மருந்து. ஆனால் லித்தியம் சாப்பிடுகிறவர்கள் உப்பைத் திடீரென்று குறைக்கவும் கூடாது; கூட்டவும் கூடாது. குறைத்தால் மருந்து விஷமாகும். கூட்டினால் மருந்து சிறுநீரில் போய்விடும், நோய் திரும்பும்.

இந்துப்பு நல்லதா?

"நான் இந்துப்புதான் சாப்பிடுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகாது" என்று சொல்பவர்கள் அநேகம். இந்துப்பு, கல் உப்பு, தூள் உப்பு எல்லாமே பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். நிறம் வேறு, விலை வேறு. சிறுநீரகத்தின் கணக்கில் எல்லாம் ஒன்றே.

'சோடியம் குறைந்த உப்பு' என்று பாக்கெட்டில் வருவது வேறு. அதில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கும். சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடத்திய சோதனையில், இத்தகைய உப்புக்கு மாறியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது என்று 2021-ல் தெரியவந்தது. ஆகவே பலருக்கு அது நல்லது.

ஆனால் எல்லாருக்கும் அல்ல! சிறுநீரக நோய் உள்ளவர்களின் உடம்பு பொட்டாசியத்தை வெளியேற்றத் திணறும். எனலாபிரில், டெல்மிசார்டான் வகைகளும், ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையும் பொட்டாசியத்தை உடம்பிலேயே நிறுத்துபவை. அதன்மேல் பொட்டாசிய உப்பையும் சேர்த்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பே நின்றுவிடக் கூடும். இந்த மருந்துகளைச் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் அந்தப் பாக்கெட்டைத் தொடக் கூடாது.

எவ்வளவு உப்பு?

ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, உப்புச் சாப்பிட்டால் போதும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அறிவுரை. இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளில் மக்கள் சாப்பிடும் அளவு 8 முதல் 11 கிராம் வரை என்று தெரிகிறது.

மெஸ்ஸில் சாப்பிடுகிறவர், "உப்பு என் கையிலா இருக்கிறது?" என்று கேட்கலாம். கையில் இருப்பதும் கொஞ்சம் உண்டு. ஊறுகாயையும் அப்பளத்தையும் ஒதுக்கலாம். மோரில் உப்புப் போடாமல் குடிக்கலாம். சாம்பாரை மூன்று முறை ஊற்றுவதை ஒன்றாகக் குறைக்கலாம். சோற்றில் உப்புப் போட்டு வடிக்கும் வழக்கம் அறையில் இருந்தால் அதை நிறுத்தலாம். முதலில் சப்பென்று இருக்கும். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

பாக்கெட் பண்டங்களில் சோடியத்தின் அளவு மில்லிகிராமில் அச்சிட்டிருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். 1,000 மில்லிகிராம் சோடியம் என்றால் இரண்டரை கிராம் உப்பு. தண்ணீரில் போட்டதும் நுரைத்துக் கரையும் மாத்திரைகளிலும், வயிற்று உப்புசத்துக்குக் குடிக்கும் நுரைப் பொடிகளிலும் சோடியம் நிறைய உண்டு. இவற்றை யாரும் உப்பாகக் கணக்கில் எடுப்பதில்லை, சிறுநீரகம் எடுக்கிறது.

டாக்டரிடம் சொல்ல வேண்டியவை

நம் ஊர் வைத்தியர்கள் மருந்து கொடுக்கும்போதே பத்தியமும் சொல்லுவார்கள். சில மருந்துகளுக்கு உப்பில்லாப் பத்தியமே விதிப்பது உண்டு. ஆங்கில மருந்துக்குப் பத்தியம் இல்லை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த மருந்துகளைப் பொறுத்தவரை அது தவறு.

மருந்து கேட்கவில்லை என்றால், அடுத்த மாத்திரை எழுதுவதற்கு முன்பே என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதை டாக்டரிடம் விவரமாகச் சொல்லுங்கள். ஒரு நாள் முழுவதும் போகும் சிறுநீரைச் சேகரித்துச் சோதித்தால் எவ்வளவு உப்புச் சாப்பிடுகிறீர்கள் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

உப்பை நிறையக் குறைக்கத் தீர்மானித்தால் அதையும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டி வரலாம்.

வாந்தி, வயிற்றுப் போக்கு, கடும் வியர்வையால் தளர்ச்சி ஏற்பட்டால், அன்றைய ரத்தக் கொதிப்பு மாத்திரையையும் நீர் மாத்திரையையும் போடலாமா என்று அன்றே டாக்டரைக் கேளுங்கள். மொழி தெரியாத ஊரில் இதற்குத் தயங்கிக்கொண்டு இரண்டு நாள் கடத்துவதுதான் சிறுநீரகத்துக்கு வினை. மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் பாதி பேச்சு தேவைப்படாது.

வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். அது உப்பை உடம்பில் தங்கவைத்து, ரத்தக் கொதிப்பு மருந்தின் வேகத்தையும் கெடுக்கும்.

அந்த அறையில் இப்போது குமாஸ்தாவின் ஊறுகாய்ப் பாட்டில் பரண்மேல் போய்விட்டது. மூன்று மாத்திரை இரண்டாக வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதை டாக்டர் முடிவு செய்வார். வெல்டர் ஒரு சீட்டில் தன் மாத்திரைகளின் பெயர்களை எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்னார்கள் பெரியவர்கள். இட்ட உப்பை ஒரு கிராம் விடாமல் நினைவில் வைத்திருக்கிறது சிறுநீரகம். அதன் கணக்கை டாக்டருக்கும் தெரியப்படுத்துவது, மாத்திரை சாப்பிடுகிறவரின் பொறுப்பு.